விளக்குக்கு வேண்டாம், ஐஸுக்குத் தாருங்கள்: தீவகத்துப் புலம்பெயர் ஒன்றியங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவிலும் சுவிஸிலும் பிரான்ஸிலும் இலண்டனிலும் இருக்கிற எங்கள் யாழ்ப்பாணத் தீவகத்து ஊர் ஒன்றியங்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், அவற்றின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் நெடுந்தீவுக்காரன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். அண்மைக் காலமாக உங்களில் பலர் தொலைபேசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "ஊருக்கு சோலர் போடலாம் எண்டு யோசிக்கிறம், எங்க போட்டால் நல்லது?" ஒருவருக்கு ஒரு பாதியையும் இன்னொருவருக்கு மற்றப் பாதியையும் சொல்லியிருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு விளக்குக்கும் தெரு விளக்குக்கும் சோலர் போடாதீர்கள். ஐஸ் கட்டவும் தண்ணீர் எடுக்கவும் போடுங்கள். அந்தக் காசை அன்பளிப்பாகத் தராமல், ஊர்ச் சங்கத்துக்குக் கடனாகத் தாருங்கள்.

ஏன் ஐஸ் என்று கேட்பீர்கள். போன வருடம் சோளகம் என்கிற தென்மேல் பருவக்காற்று தொடங்கின நாட்களில் ஒரு காலை இறங்குதுறையில் நின்றேன். பக்கத்து வீட்டுப் பெடியன் இரவு நண்டு வலை போட்டுவிட்டு வந்திருந்தான். நல்ல பாடு, நண்டெல்லாம் உயிரோடு காலாட்டிக்கொண்டிருந்தன. கணவாயும் கொஞ்சம் இருந்தது. முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கிக் குறிகட்டுவானில் படகேற்றிவந்த ஐஸை அவன் ஒரு றெஜிபோம் பெட்டியில் வைத்திருந்தான். மூடியைத் திறந்தபோது அரைப் பெட்டிக்குத் தண்ணீர், மேலே உள்ளங்கை அளவில் மூன்று நான்கு கட்டிகள் மிதந்தன. வியாபாரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பிறகு விலையைச் சொன்னார். பெடியன் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குக் காற்றுக்குப் படகு ஓடுமா ஓடாதா என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஓடாவிட்டால் கணவாய் பிற்பகலுக்குள் கெட்டுப்போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். விலையைத் தீர்மானித்தது அதுதான்.

பெட்டி நிறைய ஐஸ் இருந்திருந்தால் அவன் "நாளைக்குக் குடுக்கிறன் அண்ணை" என்று சொல்லியிருப்பான். அந்த ஒரு வசனத்தைச் சொல்லக்கூடிய பலம்தான் எங்கள் கடற்றொழிலாளிக்கு இல்லாதது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். கடலுக்குப் போகும் செலவு அப்படி ஏறிய பிறகும், கரையில் விலை சொல்லும் உரிமை அவனிடம் வரவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். எங்கள் வெக்கையில் ஒரு தொன் கட்டி ஐஸ் எடுக்க ஏறத்தாழ 60 முதல் 80 யூனிற் மின்சாரம் போகும். யாழ்ப்பாணப் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாற் சோலர் பலகை, வருடம் முழுவதற்கும் சராசரி பார்த்தால், நாளுக்கு 4 யூனிற் தரும் என்று வையுங்கள். அப்படியென்றால் 20 கிலோவாற் போட்டால் நாளொன்றுக்கு ஒரு தொன் ஐஸ். 550 வாற் பலகை என்றால் 37 பலகை. ஒரு பாடசாலை மண்டபத்தின் கூரை போதும்.

இதில் நான் பெரிதாக மதிக்கிற விசயம் ஒன்று இருக்கிறது. வெயில் பகலில் மட்டும்தான் இருக்கும், விளக்கு இரவில்தான் வேண்டும். அதனால் விளக்குக்கு சோலர் போடுகிறவர் பற்றறிக்கும் சேர்த்துக் காசு தேட வேண்டும். பலகை இருபத்தைந்து வருடம் உழைக்கும். ஈயப் பற்றறி மூன்று முதல் ஐந்து வருடத்தில் செத்துவிடும், லித்தியம் பற்றறி என்றால் பத்து வருடம் போகலாம். ஆனால் ஐஸைப் பகலிலேயே கட்டி வைத்துவிடலாம். உறைந்த கட்டிதான் அங்கே பற்றறி. தண்ணீரும் அப்படியே, பகலில் மேலே ஏற்றி வைத்தால் தாங்கியே பற்றறி. பற்றறி அறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேகம் கடந்துபோகிற சில நிமிடங்களுக்கெல்லாம் கொம்பிரசர் நின்று நின்று ஓடினால் அது பழுதாகிவிடும், அதைத் தாங்கச் சின்னப் பற்றறி ஒன்று வேண்டும். அது, இரவு முழுக்க ஊருக்கு வெளிச்சம் கொடுக்கும் பற்றறியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஐஸுக்கு நல்ல தண்ணீர் வேண்டும், எங்களுக்கு அதுவே பெரும்பாடு. உவர் தண்ணீரைச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் விட்டு நன்னீராக்க, ஆயிரம் லீற்றருக்கு இரண்டு மூன்று யூனிற் போதும். ஐஸுக்குப் போகும் மின்சாரத்தோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. ஆகவே இரண்டையும் ஒரே வளவுக்குள் வையுங்கள். ஆனால் இதில் நான் அஞ்சுகிற ஒன்றும் இருக்கிறது. சோலர் பம்ப் ஓட எண்ணெய்ச் செலவு இல்லை, அதனால் நிறுத்த மனம் வராது. தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிற ஒரு மெல்லிய படை. இறைக்க இறைக்க அடியிலிருந்து உப்பு ஏறும், ஏறினது லேசில் இறங்காது. சாராப்பிட்டிக் கிணறுகளில் தண்ணீர் அள்ளி வளர்ந்த எவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து வரும் கம்பனிக்காரருக்குத் தெரியாது. நாளுக்கு எவ்வளவு இறைக்கலாம் என்று ஒரு அளவு வைத்து, அந்த அளவில் தானாக நிற்கிற மாதிரித்தான் பம்பைப் பூட்ட வேண்டும். கழிவாக வரும் உப்புத் தண்ணீரையும் கிணற்றடியில் விடக்கூடாது, கடலுக்குக் குழாய் வேண்டும். மதிப்பீட்டில் இந்த இரண்டும் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

"ஊரே இருட்டில இருக்கேக்க ஐஸ் கட்டவோ?" என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான்.

எங்கள் ஏழு தீவுகளில் வேலணை, புங்குடுதீவு, காரைநகர் மூன்றுக்கும் தரைப்பாதை இருக்கிறது, மின்கம்பியும் அதோடு போய்விட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்கும் படகுத் தீவுகள். இங்கே மின்சாரம் என்றால் நெடுங்காலமாக மின்சார சபையின் டீசல் ஜெனறேற்றர்தான். ஒரு யூனிற்றுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு லீற்றர் டீசல் எரியும். அந்த டீசலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். 2022 ஜனவரியில் லீற்றர் 121 ரூபா விற்ற டீசல் ஜூன் முடிவில் 460 ரூபா. நாட்டுக்கெல்லாம் ஒரே கட்டணம் என்பதால் எங்கள் மின்பட்டியலில் அந்தச் செலவு முழுதாகத் தெரிவதில்லை, சபைதான் நட்டத்தைச் சுமந்துவந்திருக்கிறது. ஆகவே எங்கள் தீவுகளை டீசலிலிருந்து விடுவிப்பதில் எங்களைவிட அரசுக்குத்தான் ஆதாயம். அது செய்யும், செய்துகொண்டும் வருகிறது. எழுவைதீவில் 46 கிலோவாற் சோலரும், 21 கிலோவாற் காற்றாலைகளும், பற்றறியும், துணைக்கு ஒரு சின்ன டீசல் இயந்திரமும் சேர்ந்த கலப்பு முறையை முன்னோடியாகப் பூட்டியவர்கள் மின்சார சபையினர்தான்.

மற்ற மூன்று தீவுகளின் கதையையும் நீங்கள் அறிவீர்கள். 2021 ஜனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் அங்கேயும் அதே மாதிரிக் கலப்பு முறையைப் பூட்டும் வேலை ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இராமேஸ்வரத்திலிருந்து 50 கிலோமீற்றர் அளவில் சீனாவா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த வருடம் டிசம்பரில் சீனத் தரப்பு பாதுகாப்புக் காரணம் சொல்லி வேலையை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம். 1,700 கிலோவாற் சோலர், 530 கிலோவாற் காற்று, பெரிய பற்றறி, அவசரத்துக்கு டீசல், எல்லாமாக 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடை. எங்கள் ஊர்களின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்ட அந்த வருடங்கள் முழுக்க இங்கே எரிந்தது டீசல்தான். அந்த இழுபறியில் ஒரு இடத்திலும் யாரும் எங்கள் ஊர்ச் சங்கங்களைக் கூப்பிட்டு "உங்களுக்கு மின்சாரம் எதுக்கு வேணும்?" என்று கேட்டதாக நான் அறியேன். இன்றைக்கும் அது எனக்கு ஆறாத மனத்தாங்கல்.

ஆனால் அதில் உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் வேலையில் அரசுகளே காசோடு நிற்கின்றன. அங்கே உங்கள் ஐம்பதாயிரம் டொலர் ஒரு துளி. வந்த மின்சாரத்தை வைத்து ஊர் எப்படி உழைக்கப் போகிறது என்ற இடத்தில் யாருமே இல்லை. அங்கே அதே ஐம்பதாயிரம் ஒரு ஊரின் கரைவிலையை மாற்றும்.

இந்தப் பாடத்தை நாடு ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்கிறது. உலக வங்கியின் கடனுதவியோடு 1990களின் இறுதியிலும் 2000களிலும் மின்கம்பி எட்டாத கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சிறிய சோலர் தொகுதிகள் தவணைக் கடனில் கொடுக்கப்பட்டன. நல்ல முயற்சி, நிறையப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். பிறகு மின்கம்பி வந்தது. பலகை கூரையிலேயே கிடந்தது, தவணை கட்டுவதை ஆட்கள் நிறுத்தினார்கள். விளக்குக்கென்று போட்டது, வேறொரு விளக்கு வந்ததும் தேவையற்றுப்போயிற்று. ஐஸ் இயந்திரத்துக்கு அந்த நிலை வராது. கம்பி வந்தாலும் அதற்கு வேலை இருக்கும், மழை நாளில் அந்தக் கம்பியே துணைக்கும் நிற்கும்.

அடுத்தது, அன்பளிப்பு. இது கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வாசிகசாலை ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு குழு சோலர் போட்டுத் தந்தது. யார் என்று எழுதமாட்டேன், நல்ல மனத்தோடு செய்தவர்கள். நாடா வெட்டி, மாலை போட்டு, படமெடுத்தார்கள். மூன்றாம் வருடம் பற்றறி போயிற்று. மாற்ற யாரிடமும் காசில்லை, சாமான் யாருடையது என்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து நானும் ஒரு மின்வேலைப் பெடியனும் போய் இன்வேட்டர் பெட்டியைத் திறந்தோம். கதவின் பிணைச்சல் கறள் ஏறி, தொட்ட கையோடு பொடியாக வந்தது. உள்ளே பல்லி முட்டையிட்டிருந்தது. வயர் பொருத்துகளில் பச்சையாகப் பூத்திருந்தது. பலகைகளைக் கழுவிப் பார்த்தோம், அவற்றில் ஒரு குறையும் இல்லை. வெயிலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தன. சுவரில் கொடையாளர் பெயர் பொறித்த கறுப்புக் கல் அன்றைக்கு வைத்த மாதிரியே பளபளவென்று இருந்தது.

அந்தக் கல்லுக்குச் செலவான காசுக்குக் கறள் பிடிக்காத ஆணியும், காற்றுப் புகாத பெட்டியும், வருடத்துக்கு இரண்டு தரம் வந்து பார்க்க ஒரு ஆளின் கூலியும் கிடைத்திருக்கும். இதை யாரையும் நோகடிக்கச் சொல்லவில்லை. உப்புக் காற்றில் ஒரு பொருளைப் பூட்டினால் அதைப் பார்த்துக்கொள்ளும் செலவு பூட்டின நாளிலேயே தொடங்கிவிடும், அந்தச் செலவைப் படமெடுக்க முடியாததால் யாரும் ஏற்க முன்வருவதில்லை.

அதனால்தான் கடனாகத் தாருங்கள் என்கிறேன். எங்களுக்குக் கூட்டுறவு புதிதில்லை. கடற்றொழிலாளர் சங்கம், பனை தென்னைவளச் சங்கம், சிக்கன கடனுதவுச் சங்கம் எல்லாம் எங்கள் ஆட்கள் கட்டி எழுப்பியவை. யுத்தத்துக்குள்ளும் இடம்பெயர்வுக்குள்ளும் நான் கண்ட சங்கங்கள் கணக்குப் புத்தகத்தைத் தலையில் சுமந்துகொண்டு போயிருக்கின்றன. ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தோடு உங்கள் ஒன்றியம் எழுத்தில் ஒப்பந்தம் செய்யட்டும். வட்டியில்லாக் கடன், ஏழோ எட்டோ வருடத் தவணை. ஐஸைச் சங்கம் விற்கும், உறுப்பினருக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை. விற்கிற ஒவ்வொரு கட்டியிலும் ஒரு பங்கு தவணைக்கு, ஒரு பங்கு இன்வேட்டரும் பற்றறியும் கொம்பிரசரும் மாற்றும் நாளுக்கென்று வங்கியில் தனிக்கணக்கு. அந்தத் தனிக்கணக்கில் யாரும் கைவைக்க முடியாதபடி மூன்று கையெழுத்து, ஒன்று உங்களுடையது. திரும்பி வரும் தவணை வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. அது சுழல்நிதியாக அடுத்த தீவின் ஐஸுக்குப் போகட்டும்.

கடன் வாங்கின சங்கம் இயந்திரம் நின்ற அன்றைக்கே ஆள் தேடும், தவணை நிற்கக்கூடாதே. இனாமாக வந்த இயந்திரம் நின்றால், தந்தவர் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். மனிதர் கெட்டவர்கள் என்பதனாலல்ல, எந்த ஊரிலும் இப்படித்தான்.

வெளியூர் உதாரணம் ஒன்றும் சொல்கிறேன், இலண்டன் பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்கலாம். ஸ்கொட்லாந்தில் எக் (Eigg) என்று நூறு பேரளவில் வாழும் ஒரு தீவு. 1997இல் தீவையே ஊர் மக்கள் சேர்ந்து வாங்கினார்கள். அதுவரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனறேற்றர். 2008 பெப்ரவரியில் நீர், காற்று, சோலர் மூன்றையும் இணைத்துத் தங்களுக்கென்று ஒரு மின்வலையை ஓடவிட்டார்கள். நடத்துவது ஊரவர்களின் சொந்தக் கம்பனி, பராமரிப்பது ஊர்ப் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று தாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதோடு ஒப்பிட்டுப் பசுபிக் கடலில் இருக்கிற டொக்கெலாவைப் பாருங்கள். 2012இல் நியூசிலாந்தின் உதவியோடு 4,032 பலகைகளும் 1,344 பற்றறிகளும் பூட்டி மூன்று தீவுகளும் டீசலை நிறுத்தின. உலகமே பாராட்டியது. பிறகு வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிகள் கூடின, பாவனை ஏறியது, டீசல் திரும்பவும் தேவைப்பட்டது. பூட்டின நாளின் தேவைக்குக் கணக்குப் போட்டால் பத்து வருடத்தில் காணாது என்பதற்கு அது சாட்சி.

உங்களில் சிலர் வேறொரு வழி யோசிக்கிறீர்கள், தெரியும். புங்குடுதீவிலோ வேலணையிலோ ஆளில்லாத வீட்டுக் கூரையில் சோலர் போட்டு, மின்சார சபைக்கு விற்று, வரும் காசை ஊருக்குக் கொடுப்பது. 2016 செப்டெம்பரில் அரசு கூரைச் சோலர் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் ஏழு வருடம் யூனிற் 22 ரூபா, பிறகு 15 ரூபா 50 சதம் என்று இருபது வருட ஒப்பந்தம் கொடுத்தது, பலர் நன்றாகப் பயன்பெற்றார்கள். இன்றைக்கு நிலைமை வேறு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க மின்சாரம் போனது, பாவனை குறைந்த பகலில் சோலர் மின்சாரம் மிகுந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றார்கள். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், வெயில் அதிகம், பாவனை குறைவு என்று சொல்லி, பகலில் கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி சபையே கேட்டுக்கொண்டது. நாட்டில் பகல் மின்சாரம் மலிந்துவருகிறது. மலிந்த பொருளை விற்பதைவிட, அதைப் பகலிலேயே விலைபோகிற ஒன்றாக மாற்றுவதுதான் கெட்டித்தனம்.

காசைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் கடன் டொலராக வரும், ஐஸ் ரூபாவில் விற்கும். 2022இன் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா, சில மாதங்களுக்குள் 360. சாமான் எல்லாம் இறக்குமதி. அதனால் கடனை ரூபாவில் எழுதுங்கள், நாணயம் சரிந்தால் வரும் நட்டம் உங்களுடையது என்று ஆரம்பத்திலேயே மனதைத் தயார்ப்படுத்துங்கள். வங்கி வட்டி எதிர்பார்க்கிறவருக்கு இது ஏற்ற இடமில்லை. டொலரில் திருப்பிக் கேட்டால் சங்கம் முறிந்துவிடும், நான் அந்த ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்தும் வைக்கமாட்டேன்.

ஒரேயடியாக நான்கு தீவிலும் தொடங்காதீர்கள். ஒரு தீவு, ஒரு சங்கம், அரைத் தொன் ஐஸ். ஒரு சோளகமும் ஒரு வாடையும் கடக்கட்டும். மாரியில் மேகம் கட்டுகிற கார்த்திகை, மார்கழியில் எத்தனை கட்டி எடுத்தோம், எத்தனை நாள் நின்றது என்று மாதாமாதம் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதி, படமெடுத்து உங்களுக்கு அனுப்புவோம். அந்தப் பலகையை எழுத நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

ஆளைப் பற்றியும் யோசியுங்கள். இயந்திரத்தை விற்கிற கம்பனி கொழும்பில் இருக்கும். பழுது என்று சொன்னால் அவர்கள் யாழ்ப்பாணம் வந்து, குறிகட்டுவான் வந்து, படகு பார்த்து வருவதற்குள் கிழமை போய்விடும். ஊரில் இரண்டு பேருக்கு, முடிந்தால் ஒரு பெடியனுக்கும் ஒரு பெட்டைக்கும், சோலரும் குளிரூட்டி வேலையும் சேர்த்துப் படிப்பிக்கிற செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேருங்கள். படித்தவுடன் வெளிநாடு போய்விடுவார்களே என்பீர்கள். போவார்கள், நீங்களும் போனவர்கள்தானே. அதனால்தான் இரண்டு பேர் என்கிறேன், அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்த மடலை ஒருவர் வாசிக்கட்டும். சம்மதமென்றால் ஆனி மாதம் நயினை அம்மன் திருவிழாவுக்கு வருகிறவர்களில், கணக்குத் தெரிந்த ஒருவரும் மின்வேலை தெரிந்த ஒருவரும் இரண்டு நாள் கூடுதலாக நின்று நெடுந்தீவுக்கும் ஒருக்கால் வாருங்கள். மாலை மரியாதை ஒன்றும் வேண்டாம். சங்கத்தின் ஐந்து வருடக் கணக்குப் புத்தகங்களை மேசையில் எடுத்து வைத்திருப்போம், இருந்து பாருங்கள். வரும்போது முடிந்தால் மின்னோட்டம் அளக்கிற நல்ல கிளாம்ப் மீற்றர் ஒன்று கொண்டுவாருங்கள். எங்கள் மின்வேலைப் பெடியனிடம் இருப்பது பழுது.

இப்படிக்கு,
உங்கள் ஊரவன்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்காளன்,
நெடுந்தீவு.